அணைக் கணக்குக்குப் பெர்ல்: பெயரால் எடுப்பதா, ரெஃபரன்ஸால் எடுப்பதா?

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் மட்டத்தைத் தினமும் பதிய, எங்கள் கால்வாய்க்கரை விவசாயிகளுக்காக பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பழைய நிரல் ஓடுகிறது. பிசான நெல் பருவத்துக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அணைப் பெயரிலேயே மாறி வைத்து, அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடி எடுப்பது ஒரு வழி. இது சிம்பாலிக் ரெஃபரன்ஸ். தரவையே நேராகச் சுட்டும் ஹார்டு ரெஃபரன்ஸ் இன்னொரு வழி. நான் எடுத்தது இரண்டாவதை.

வரிகளின் நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை. அடுக்கடுக்கான தரவுக்கு ரெஃபரன்ஸ்தான் வசதி: பாபநாசத்துக்குள் முழு மட்டம் 143 அடி, இன்றைய மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் ஒரே ஹாஷில், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு வைக்கும் பட்டியலில், அடங்கிவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பெர்லில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும், அதாவது பெயர்களின் ஒவ்வொரு தனி வட்டத்துக்கும், சிம்பல் டேபிள் என்ற பெயர்ப் பட்டியல் உண்டு. அதுவும் ஒரு ஹாஷ்தான். ஒவ்வொரு பெயருக்கும் அதில் டைப்குளோப் என்ற ஒரு பெட்டி. ஸ்கேலார் (ஒற்றை மதிப்பு), அரே (மதிப்புகளின் வரிசை), ஹாஷ், சப்ரூட்டீன் (துணை நிரல்), ஃபைல்ஹேண்டில், ஃபார்மட் எல்லாவற்றுக்கும் அதற்குள் தனித்தனி இடம். ஆனால் 'மை' போட்டு, அந்தப் பகுதிக்குள் மட்டும் செல்லும்படி அறிவித்த மாறி இந்த டேபிளுக்கே வராது. அந்த மாறியில் 143 இருந்தாலும், பெயரால் தேடினால் பெர்ல் அதே பெயருள்ள குளோபல் மாறியைப் பார்த்து வெறுமையைத் தரும். இப்படிப் பெயரால் எடுப்பதைத் தடுக்கும் 'ஸ்ட்ரிக்ட்' கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிழைச்செய்தியும் வராது.

இன்னொரு ஆபத்து பெரியது. பெயர்கள் கோப்பிலிருந்து வருகின்றன. தட்டச்சு செய்வது வேறொருவர். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காற்புள்ளி விழுந்தால், அன்றைய மட்டம் பிரிண்ட்டின் பிரிப்பான் மாறியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு வரும் பிரிண்ட் வரிகளில் மதிப்புகளுக்கு நடுவே அந்த எண் நுழையும். பிழை அணைக் கணக்கில். தெரிவதோ சம்பந்தமில்லாத வேறு வரியில்.

ஹாஷிலும் சேர்வலாறை 'சேர்வலார்' என்று அடித்தால் புதுச் சாவி சத்தமில்லாமல் முளைக்கும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அது அந்த ஹாஷைத் தாண்டாது. சாவிகளை வரிசையாக அச்சிட்டால் கண்ணில் படும். ஹாஷ்::யூட்டில் தொகுப்பில் உள்ள, சாவிகளைப் பூட்டும் 'லாக்_கீஸ்' போட்டால் புதுச் சாவி சேரும் இடத்திலேயே நிரல் நின்றுவிடும்.

ரெஃபரன்ஸுக்கும் ஒரு குறை உண்டு. ஒரு தரவை எத்தனை ரெஃபரன்ஸ் சுட்டுகிறது என்று பெர்ல் எண்ணி வைக்கும்; ஒன்றையொன்று சுட்டும் இரண்டு தரவுகளில் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காததால் நினைவகம் விடுபடாது, ஒரு ரெஃபரன்ஸை எண்ணிக்கையில் சேராமல் செய்யும் 'வீக்கன்' தேவைப்படும். எங்கள் நிரல் ஓடி முடிந்துவிடுகிறது, இந்தத் தொல்லையை நான் பட்டதில்லை. நாள் முழுக்க ஓடும் சேவை என்றால் இதற்கு இன்னும் கவனம் கொடுத்திருப்பேன்.

பழைய நிரலில் அரேயைச் சப்ரூட்டீனுக்கு அனுப்ப டைப்குளோபைக் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் திகைக்கவேண்டாம். பெர்ல் 4-இல் ரெஃபரன்ஸ் கிடையாது. 1994-இல் பெர்ல் 5-உடன்தான் வந்தது. ஓடும்போதே சப்ரூட்டீன்களுக்குப் பெயர் வைக்க இன்றும் டைப்குளோப்தான் வழி. அந்த ஒரு லூப்பை மட்டும் தனி அடைப்புக்குள் வைத்து, பெயரால் எடுப்பதைத் தடுக்கும் 'ஸ்ட்ரிக்ட் ரெஃப்ஸ்'-ஐ அங்கே மட்டும் தளர்த்துங்கள்.