வீட்டு ஸ்டுடியோவில் ரிவர்ப்: அல்காரிதமா, கன்வல்யூஷனா, குளியலறையா?

வீட்டில் பதிவு செய்து வீட்டிலேயே மிக்ஸ் செய்கிறவர்கள் கடைசியில் வந்து முட்டி நிற்கும் இடம் ரிவர்ப், அதாவது ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி வருவதால் உண்டாகும் முழக்கம். குரல் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, கிடாரும் அப்படித்தான். சேர்த்துக் கேட்டால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ரிவர்ப் போட்டால் ஒட்டுகிறது, கூடவே எல்லாம் குழம்பியும் போகிறது. உடனே வேறு பிளக்-இன் (மிக்ஸ் மென்பொருளில் செருகும் எஃபெக்ட்) தேடக் கிளம்பிவிடுகிறோம்.

நம் கையில் இருக்கும் வழிகள் நான்கு: கணக்குப் போட்டு முழக்கத்தை உருவாக்கும் அல்காரிதமிக் பிளக்-இன்கள், நிஜ இடத்தின் முழக்கத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும் கன்வல்யூஷன் பிளக்-இன்கள், ஸ்பிரிங் (சுருள்கம்பியை அதிரவைத்து முழக்கம் உண்டாக்கும் கருவி) போன்ற ஹார்ட்வேர், அப்புறம் வீட்டிலேயே இருக்கும் குளியலறையும் மாடிப்படியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலுக்கு அல்காரிதமிக், பின்னால் தள்ளி உட்கார வைக்க வேண்டிய வாத்தியங்களுக்குக் கன்வல்யூஷன். மற்ற இரண்டும் ருசிக்காக.

ஆனால் இவற்றில் எதுவுமே சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: பதிவோடு சேர்ந்து வந்துவிட்ட அறைச் சத்தம். மைக்குக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 6 மில்லிசெகண்டில் மைக்குக்கு வந்து சேர்கிறது. அவ்வளவு சீக்கிரம் வரும் ஒலி காதுக்குத் தனி முழக்கமாகக் கேட்காது. குரலோடு கலந்து சில அலைவரிசைகளை வெட்டி, டப்பாவுக்குள் இருந்து பாடுவது போன்ற நிறத்தைக் கொடுத்துவிடும். அதன் மேல் பெரிய ஹால் ரிவர்ப் போடுவது குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற கதைதான். சட்டியும் கேட்கும், ஹாலும் கேட்கும். பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் கனமான போர்வை தொங்கவிட்டு, மைக்கைச் சற்று நெருங்கிப் பாடினால் பாதிப் பிரச்சினை குறையும். போர்வை உச்ச அலைவரிசைகளைத்தான் நன்றாக உறிஞ்சும், அடிப்பகுதி அப்படியே இருக்கும். அதை ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளலாம்.

சரி, முக்கியமான போட்டிக்கு வருவோம்.

அல்காரிதமிக் ரிவர்பின் வேர் 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் செய்த வேலை. கோம்ப் ஃபில்டர்கள், ஆல்-பாஸ் ஃபில்டர்கள் என்று சின்னச் சின்ன டிலேக்களை (தாமதங்களை) சுழற்சியில் விட்டு, ஒரு சத்தத்திலிருந்து ஆயிரக்கணக்கான எதிரொலிகளை உண்டாக்கும் முறை அது. 1976-இல் இஎம்டி 250, 1978-இல் லெக்ஸிகன் 224 என்று இது பெட்டியாக வந்தது. இன்றைய பிளக்-இன்களில் பல அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். இந்த வகையின் நல்ல பிளக்-இன்களில் உள்ளே இருக்கும் டிலே நேரங்கள் நிலையாக நிற்காமல் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். மாடுலேஷன் என்று பெயர் போட்டிருக்கும் குமிழ் அதுதான். நீண்ட ரிவர்பில் உலோகக் கிண்கிணிச் சத்தம் தலைகாட்டாமல் அது மறைக்கிறது, குரலின் வாலுக்கு, அதாவது மெல்லத் தேய்ந்து மறையும் முழக்கத்துக்கு, ஒரு பட்டுத்தன்மையும் கொடுக்கிறது.

மோசமான அல்காரிதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒற்றைக் கைத்தட்டலை எடுத்து, வெட் 100 சதவீதம் (மூல ஒலி இல்லாமல் முழக்கம் மட்டும்), டீகே (முழக்கம் தேய்ந்து மறையும் நேரம்) 3 விநாடி வைத்துக் கேளுங்கள். வால் போகும்போது குழாய்க்குள் தட்டியது போன்ற ஸ்வரம் ஒன்று நின்று ஒலித்தால், அது நீண்ட ரிவர்புக்கு லாயக்கில்லை. அதையே ஒரு விநாடிக்குக் குறைத்து ஸ்நேர் டிரம்மில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்தச் சோதனையில் பல இலவச பிளக்-இன்கள் நன்றாகவே தேறுகின்றன. டிராகன்ஃபிளை ரிவர்ப், ஓரில்ரிவர் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

கன்வல்யூஷன் வேறு ஜாதி. ஒரு கூடத்தில் ஸ்பீக்கர் வழியாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சம் வரை ஒரு ஸ்வீப்பை ஓட்டி, அங்கே மைக் வைத்துப் பதிவு செய்து, அதிலிருந்து அந்த இடத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைப் பிரித்தெடுப்பார்கள். சுருக்கமாக ஐஆர். உங்கள் குரலை அந்த ஐஆரோடு கணக்கில் சேர்த்தால், அந்தக் கூடத்தில் அந்த ஸ்பீக்கர் இருந்த இடத்தில் நின்று பாடியது போல வரும். சோனியின் டிஆர்இ-எஸ்777 என்ற பெட்டி 1999-இல் இதை நேரடியாகச் செய்து காட்டியது. 2001-இல் ஆல்டிவெர்ப் அதையே பிளக்-இன்னாகக் கொண்டுவந்தது.

இதன் பலம் முதல் 100 மில்லிசெகண்டுக்குள் இருக்கிறது. எந்தச் சுவர் எவ்வளவு தூரம், கூரை எவ்வளவு உயரம் என்று காது கண்டுபிடிப்பது இந்த ஆரம்பப் பிரதிபலிப்புகளை வைத்துத்தான். அதில் நிஜப் பதிவை மிஞ்ச அல்காரிதத்தால் பெரும்பாலும் முடிவதில்லை. நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்த கிடாரை, சின்ன மர அறையின் ஐஆரில் கொஞ்சம் அனுப்பிப் பாருங்கள். காதோடு ஒட்டிக்கொண்டிருந்த வாத்தியம் எதிரே நாலடி தள்ளிப் போய் உட்காரும்.

பலவீனம், அது சொன்னபடி கேட்காது. டீகேயைக் குறைக்கலாம், அது ஓரளவு இயல்பாகவே இருக்கும். கூட்டினால் போலித்தனம் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய டிஜிட்டல் ரிவர்ப் பெட்டிகளின் ஐஆர்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. அந்தப் பெட்டிகளின் அழகே அசைந்துகொண்டிருக்கும் மாடுலேஷன். ஐஆர் என்பது ஒரு கணத்தில் உறைந்த நிலை, அசைவு அதில் வராது. ஆகவே பெட்டியின் பெயரைப் பார்த்து இறக்கினால் ஏமாற்றம்தான். பிளேட்டின் (தகட்டை அதிரவைத்து முழக்கம் உண்டாக்கும் பழைய கருவி) ஐஆர் அப்படியல்ல. 1957-இல் வந்த இஎம்டி 140 என்பது சட்டத்தில் தொங்கவிட்ட, சுமார் 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுள்ள மெல்லிய எஃகுத் தகடு. அதில் அசையும் டிலே எதுவும் இல்லை என்பதால் ஐஆரில் அது பெரும்பாலும் முழுதாக வந்துவிடுகிறது. பிளேட் வேண்டும், காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இது நல்ல வழி.

மெதுவான பாட்டில் ஒரு குரலை எடுத்துக்கொள்வோம், நிமிடத்துக்கு 80 பீட். 60,000-ஐ 80-ஆல் வகுத்தால் ஒரு பீட் 750 மில்லிசெகண்ட். அதில் பதினாறில் ஒரு பங்கு சுமார் 47. அதையே ப்ரீ-டிலேயாக (முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளி) வைத்தால் எழுத்தின் தொடக்கம் தெளிவாக முன்னால் நிற்கும், முழக்கம் அதற்குப் பின்னால் வரும். அல்காரிதமிக் பிளேட், டீகே 1.8 விநாடி. ரிவர்பை குரல் டிராக்கிலேயே போடாமல் தனி ஆக்ஸில் (துணைச் சேனலில்) வைத்து, குரலின் ஒரு பங்கை மட்டும் சென்ட் வழியாக அதற்கு அனுப்புங்கள். அந்த ஆக்ஸில் ரிவர்புக்கு முன்னால் ஓர் ஈக்யூ: 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். ஆபி ரோடு ஸ்டுடியோவில் பிளேட்டுக்கு முன்னால் செய்துவந்த வேலை இது. குழப்பம் என்று நாம் திட்டுவதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். "ச", "ஸ", "ஷ" வரும் இடங்களில் வால் சீறினால் அந்தச் சீறலை அடக்கும் டி-எஸ்ஸரையும் ஈக்யூவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இதே அமைப்பில் பிளக்-இன்னை மட்டும் ஒரு கதீட்ரல் ஐஆருக்கு மாற்றிக் கேட்டால் வித்தியாசம் புரியும். இடம் பிரமாதமாக இருக்கும், பாடகர்தான் அதற்குள் தொலைந்துபோவார்.

ஸ்பிரிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலெக்ட்ரிக் கிடாருக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்நேரை அனுப்பினால் "போயிங்" என்று துள்ளும். சிலருக்கு அந்தத் துள்ளல்தான் தேவை, அவர்கள் வாங்கட்டும். பழைய டிஜிட்டல் ரேக் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருவது இன்று பெரும்பாலும் பழசின் மேல் உள்ள ஆசையால்தான். ஆசை தப்பில்லை, ஆனால் கேபிளும் இன்டர்ஃபேஸில் கூடுதல் அவுட்புட்டும் தேவைப்படும்.

குளியலறையை யாரும் கேலி செய்ய வேண்டாம். 1947-இல் ஒலிப்பதிவாளர் பில் புட்னம் சிகாகோவில் தன் ஸ்டுடியோவின் குளியலறையையே எக்கோ சேம்பராக்கித்தான் பெயர் வாங்கினார். ஒரு ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், எதிர்மூலையில் மைக். நேரடி ஒலி மைக்குக்குக் குறைவாகவும் சுற்றிவரும் ஒலி அதிகமாகவும் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. டைல்ஸ் சுவர் பளிச்சென்ற, குட்டையான முழக்கம் தரும். கைத்தட்டலுக்கும் கோரஸுக்கும் அது எடுப்பாக இருக்கும். மாடிப்படி இருந்தால் வால் இன்னும் நீளும். சங்கடம் என்னவென்றால், குழாய் சொட்டும், விசிறி ஓடும், வீட்டில் யாராவது கதவைத் தட்டுவார்கள். மறுநாள் மிக்ஸை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு குறுக்கு வழி: ஒரே ஒரு தடவை, வீடு அடங்கிய பிறகு, அங்கே ஸ்வீப்பை ஓட்டிப் பதிவு செய்து உங்கள் குளியலறையையே ஐஆராக்கிவிடுங்கள். ஆப்பிளின் லாஜிக் மென்பொருளோடு வரும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் யுட்டிலிட்டி இதற்கென்றே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டும் ஐஆரை ஆடியோ ஃபைலாகக் கொடுக்கும்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் டிஏடபிள்யூவோடு (பதிவும் மிக்ஸும் செய்யும் மென்பொருள்) வந்ததை முழுதாகப் பயன்படுத்துங்கள். லாஜிக்கில் ஸ்பேஸ் டிசைனர் கன்வல்யூஷன், குரோமாவெர்ப் அல்காரிதமிக். ரீப்பரில் ரியாவெர்ப், ரியாவெர்பேட். ஐஆர்களுக்கு யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் தேடலாம். காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நான் அல்காரிதமிக்கைத்தான் சொல்வேன், அதுவும் பிளேட் நன்றாக இருக்கும் ஒன்றை. கன்வல்யூஷனில் தரம் பெரும்பாலும் ஐஆரைப் பொறுத்தது, பிளக்-இன்னைப் பொறுத்தது குறைவு. அதனால் அதை இலவசத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.