உப்புக்காற்றில் மூன்று வருடம் ஓடிய பழைய லேப்டாப்

முதலாளி 35,000 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இதற்குள் ஒரு லேப்டாப் வாங்கி முடித்துவிடு. பில் இல்லாமல் வராதே" என்றார். அது 2023 பிப்ரவரி. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் நண்டுச் சதை எடுத்து அனுப்பும் எங்கள் கம்பெனியில் அதுவரை ஒரு பழைய மேசைக் கணினிதான் இருந்தது. அதன் பின்பக்க யூஎஸ்பி துளைகளில் பச்சை பூத்து, மவுஸைப் பிடித்து ஒரு பக்கமாக அழுத்தினால்தான் அம்புக்குறி நகரும்.

நண்டு கம்பெனி மேனேஜருக்குப் பெரிய கணினி தேவையில்லை. எந்தப் படகிலிருந்து எவ்வளவு நண்டு வந்தது, அவித்தபின் எடை என்ன, எந்தப் பெண் எத்தனை கிலோ சதை எடுத்தார், அதில் லம்ப் (உடம்பின் பெரிய சதைத் துண்டு) எவ்வளவு, கால் சதை எவ்வளவு என்று எக்செல்லில் ஏற்ற வேண்டும். கணக்கு மென்பொருளான டேலி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், வாரம் ஒருமுறை தூத்துக்குடியோடு வீடியோ அழைப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும் என்பதுதான் தொல்லை.

மதுரையில் அந்த விலைக்குப் பார்த்த புதிய லேப்டாப்புகள் பளபளவென்று இருந்தன. மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு வளைந்தது. நான் பார்த்த இரண்டில் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்) போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்னால் கூட்டவும் முடியாது, கெட்டால் மாற்றவும் முடியாது. பக்கத்துக் கடையில் பெரிய அலுவலகங்கள் திருப்பிக் கொடுத்த லேப்டாப்புகளைச் சீர்செய்து விற்றார்கள். 14 அங்குலத் திரை, இன்டெல்லின் ஐ5 எட்டாம் தலைமுறை ப்ராசஸர், 8 ஜிபி ராம், கோப்புகளைச் சேமிக்க 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 26,500. என்ன பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், மேலும் அந்த மாடல் புதிதாக இப்போது வருவதுமில்லை.

அதே உடம்பில் ஏழாம் தலைமுறை ஒன்று 4,000 ரூபாய் குறைவாக இருந்தது. கை அதை நோக்கித்தான் போனது. கணக்கு எழுதும் அக்காவின் மகள் பரமக்குடியில் படிக்கிறாள், போனில் கேட்டேன். "மாமா, ஏழாம் தலைமுறை வேண்டாம். ஒருசிலவற்றைத் தவிர விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிகிறது" என்றாள். இரண்டரை வருடம் கழித்து வரப்போவதற்கு இப்போது 4,000 ரூபாயா என்று அரைமனதோடுதான் கொடுத்தேன். 2025 அக்டோபர் 14 வந்தபோது, எங்களுக்கு ஐஸ் தரும் இடத்தில் இருந்த ஏழாம் தலைமுறை லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு அவர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் ஒரு பிரியாணி பாக்கி.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் மாதம் 8 ஜிபி திணறியது. 1,800 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிக் காலியாக இருந்த இடத்தில் போட்டோம். அதற்குப் பிறகு இன்றுவரை வேகத்தைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

நினைக்க வைத்தது உப்பு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒரு நாக்கு போல மண்டபம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று வடக்குச் சன்னலில் அறையும். ஆனி, ஆடியில் தெற்குச் சன்னலில். சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் மேசை மேல் படியும் அந்த மெல்லிய படலம் இங்கே காய்வதே இல்லை. லேப்டாப்பின் விசிறியோ அந்தக் காற்றைத்தான் உறிஞ்சி உள்ளே விடுகிறது, கூடவே நண்டு அவிக்கும் ஆவியையும்.

பதினான்காம் மாதம் விசிறி கரகரத்தது. ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி அடிப்பலகையைத் திறந்த தம்பி முகத்தைச் சுளித்து, "சார், இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றான். உள்ளே நண்டு வாடை. விசிறியை மாற்ற 900 ரூபாய். ராமின் தொடர்புப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசையையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். ஒரு மணி நேர வேலை. திறக்க முடிகிற உடம்பு என்பதால்தான் அது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

எனக்கே புரியாமல் இருந்த ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் நண்டு கொண்டுவரும், ஆனால் சரக்கு குறைவு. முதல் வருடம் இரண்டு வாரம் விடுப்பில் சாயல்குடிக்குப் போனேன். லேப்டாப்பை இரும்பு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் ஒரு யூஎஸ்பி துளை செத்துவிட்டது. தினமும் அடிபட்டுக்கொண்டிருந்தபோது வராத துரு, சும்மா கிடந்தபோது வந்திருக்கிறது. ஓடும்போது அதன் சூடே ஈரத்தை விரட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். இப்போது விடுப்பில் போனால் ரப்பர் வளையமுள்ள பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிவைக்கிறேன். அரை கிலோ ஜெல் வாங்கினால், அடுப்பில் காயவைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். இருப்பு எண்ணுவதற்கு லேப்டாப்பையே குளிர் அறைக்குள் கொண்டுபோனேன். வெளியே வந்த நிமிடமே திரை, மூடி, விசைகள் எல்லாம் வியர்த்துவிட்டன. நல்லவேளை, உடனே அணைத்துவிட்டேன். இப்போது உள்ளே போவது அட்டையும் பென்சிலும்தான்.

பேட்டரி ஏமாற்றம்தான். வாங்கும்போது "புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர். விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தால் ஆரம்பக் கொள்ளளவில் 61 சதவீதம்தான் மிச்சம். அந்த அறிக்கையைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன் பார்த்திருக்க வேண்டும். எட்டு மாதத்தில் 3,400 ரூபாய்க்குப் புதியது போட்டேன். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செருகியே இருக்கும் லேப்டாப்புக்கு அது போதும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்று எங்களுக்கும் கரண்ட் இல்லை. டைப்-சி வழியாகப் பெரிய பவர் பேங்கைச் செருகிச் சம்பளக் கணக்கை முடித்தேன்.

திரை மங்கல். பகலில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் என் முகம்தான் தெரியும். கேமராவில் நான் எப்போதும் புயல் நாளில் நிற்பவன் போலத்தான் தெரிவேன். ஸ்பீக்கர் ஒன்று இரைகிறது. நாள் முழுக்க வீடியோ அழைப்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் கொஞ்சம் கூடப் போட்டுப் புதியதே வாங்கட்டும்.

இதுவரை லேப்டாப், ராம், பேட்டரி, விசிறி, அதன்பின் இரண்டுமுறை துடைத்ததற்கு ஐந்நூறு ஐந்நூறு என்று கூட்டினால் 33,600. முதலாளி கொடுத்ததில் இன்னும் 1,400 மீதி. கீபோர்டில் 'ஏ' விசை இரண்டு மாதமாக ஒட்டுகிறது. மாற்ற அந்தத் தம்பி 1,900 கேட்கிறான். தடைக்காலம் வரட்டும் என்று முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.