பழைய நாடாவிலிருந்து மீண்ட சிறுவர் நிகழ்ச்சி: எண்ணிமமாக்கும் சேவை குறித்து

உள்ளூர்த் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய தொகுப்பாளர் ஒருவரின் நிகழ்ச்சிகள் வீட்டு விஎச்எஸ் (பழைய காணொளிக் காந்த நாடா வகை) நாடாக்களில் பதிவாகியிருந்ததால், அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருமாறு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். காந்த நாடா காலப்போக்கில் நலிவடையும். புதிய விஎச்எஸ் இயந்திரங்களின் உற்பத்தியும் 2016-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அக்காலத்தில் பல நிலையங்கள் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியதால், இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வீட்டுப் பதிவுகளே எஞ்சிய சான்றாக அமைவதுண்டு.

ஒலியை அவர்கள் கையாண்ட விதமே எனக்கு மிகவும் பிடித்தது. இரைச்சலை முற்றிலும் நீக்க முயன்று குரலைச் சிதைக்காமல் அளவோடு நிறுத்தியிருப்பதால், தொகுப்பாளர் பிறந்தநாள் குழந்தைகளின் பெயர்களை நிதானமாக வாசிப்பதும், கேள்வி கேட்டபின் வீட்டிலுள்ள பிள்ளைகள் விடை சொல்வதற்காகச் சற்றுக் காத்திருப்பதும் அப்படியே கேட்கின்றன. (அந்த இடைவெளியில் நானும் உரக்க விடை சொன்னவன்தான்.) படம் மங்கலாகத்தான் இருக்கிறது, அது விஎச்எஸ்ஸின் இயல்பான வரம்பு.

ஒரு கோப்பில், அவர் பொம்மையை அசைக்கும்போதெல்லாம் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரிந்தன. சுட்டிக்காட்டியதும் கட்டணமின்றித் திருத்தித் தந்தனர். ஆனால் இடையில் வந்த விளம்பரங்களையும் நிலைய அறிவிப்புகளையும் தேவையற்றவை எனக் கருதி, என்னைக் கேளாமலே வெட்டிவிட்டது ஏற்கத்தக்கதன்று. எதையும் வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது; மூல நாடாக்களையும் தவறாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.