கர்ப்பப்பை இறக்கம்: நடையா, நீச்சலா, எடைப் பயிற்சியா?

கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை, "இனிமே கனமா எதையும் தூக்காதே" என்பதுதான். அந்தப் பயத்தில் உடற்பயிற்சியையே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்க மனசு கேட்பதில்லை. தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் சும்மா இருந்தால் இன்னும் தளர்ந்துதானே போகும்?

நடைக்கு ஆயத்தம் எதுவும் வேண்டாம். ஆனால் பலருக்கு, நாள் முழுக்க நின்று வேலை பார்த்தபின் சாயங்காலத்தில்தான் அடியில், அதாவது பிறப்புறுப்புப் பகுதியில், பாரம் கூடும். அப்போது ஒரு மணி நேரம் நடப்பது கஷ்டம். காலையிலேயே நடந்துவிடுங்கள், முடியாதபோது இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாரம் அதிகமாகத் தெரியும் நாட்களில் என் ஓட்டு நீச்சலுக்கே. மார்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் பெஸரி வளையம் போட்டிருப்பவர்களும் பொதுவாக நீந்தலாம். குறை ஒன்றுதான்: எலும்பை உறுதியாக்குவதில் நீச்சல் பின்தங்கிவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அந்த இடத்தில்தான் எடைப் பயிற்சி வருகிறது. கையில் சின்ன டம்பெல்லோடு நாற்காலியிலிருந்து எழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்து முக்கி எழுந்தால் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கித் தள்ளும். மாறாக, எழுவதற்குச் சற்று முன், சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அடியை உள்ளிழுத்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி எழுங்கள். தூக்கும் எடை அதேதான், கீழே இறங்கும் பாரம் குறையும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். அடியில் ஏதோ பிதுங்குவதுபோல இருந்தாலோ சிறுநீர் கசிந்தாலோ, அன்றைக்கு அந்த எடை அதிகம் என்று அர்த்தம்.

ஓட்டம், குதித்தல், கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) ஆகியவற்றைத் தசை வலுப்படும்வரை தள்ளிவையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கீகல் பயிற்சியும், அதாவது மேலே சொன்னதுபோல அடியை உள்ளிழுத்து இறுக்கித் தளர்த்துவதும், கூடவே வேண்டும். வேளைக்கு 8 முறை வீதம் தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிறுநீர் கழிக்கும்போது செய்து பழக வேண்டாம். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. உள்ளிழுப்பதாக நினைத்துக் கீழே தள்ளுகிறவர்களும் உண்டு.

அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவர் சரி சொல்லும்வரை பொறுத்திருங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுத் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.