எட்டு மாத வீட்டுப் பராமரிப்புச் சேவை: எங்கள் அனுபவம்

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் இருக்கும் என் தாயாருக்காக, ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் சேவையை எட்டு மாதங்களாகப் பெற்று வருகிறோம். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என 12 மணி நேர முறையில் இரண்டு பராமரிப்பாளர்கள் வருகிறார்கள்; வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வைச் செவிலியர் வந்து பார்க்கிறார்.

சேவை தொடங்குவதற்கு முன்பே அந்தச் செவிலியர் வீட்டுக்கு வந்து, கட்டிலின் உயரம், குளியலறைத் தரை, அம்மாவின் தலை முதல் குதிகால் வரையிலான தோல் என எல்லாவற்றையும் பார்த்து, மருந்து அட்டைகளை மருத்துவரின் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் கொடுத்தார். நிறுவனத்தை நான் நம்பத் தொடங்கியது அன்றுதான். தொலைபேசியில் பெருமையாகச் சொன்ன ஐஎஸ்ஓ 9001 சான்றிதழைக் கேட்டு அல்ல. அந்தச் சான்றிதழ் நிர்வாக நடைமுறையைப் பற்றியது. அம்மாவைத் தொட்டுத் தூக்குகிறவரின் கைப்பக்குவத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

பகலில் வரும் அம்மையாரின் வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வந்தவுடன் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் விடாமல் கைகழுவிய பிறகுதான் அம்மாவின் அருகில் செல்வார். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதற்கு முன், குழாயில் போட்ட அடையாளக்கோடு நகராமல் இருக்கிறதா என்று பார்த்து, தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி, உணவு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருப்பார். இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுதுவார். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும், விரலை எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது, வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்றும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஐந்தாம் மாதத்தில் அந்தப் பாடம் எனக்கே தேவைப்பட்டது. இரவுப் பராமரிப்பாளர் விடுப்பில் போக, மாற்றாக வந்த பெண்ணுக்குப் பயிற்சி இருந்தும் அம்மாவின் நிலைமையை நிறுவனத்தில் யாரும் சொல்லியனுப்பவில்லை. பதிவேடு அலமாரிக்குள் இருந்தது. அம்மா நன்றாக உறங்குகிறார் என்று எண்ணி விடியும் வரை புரட்டாமல் விட்டுவிட்டார். காலையில் வலது குதிகாலில் நாணயம் அளவுக்குச் சிவப்பு, அழுத்தினேன், வெளுக்கவில்லை. உணர்ச்சியற்ற கால் என்பதால் வலிக்கிறது என்று சொல்லவும் அம்மாவால் முடிந்திருக்காது. அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

புகார் செய்த அன்று பிற்பகலே செவிலியர் வந்தார். பழியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டாமல், தகவல் சொல்லாதது நிறுவனத்தின் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்ததில், தோல் கிழியாமல் பத்து நாளில் சரியானது. இப்போது மாற்றாள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கட்டிலருகே நின்று பொறுப்பேற்று, இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு மூன்று முறை ஆள் மாறியபோதும் இதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. சர்க்கரை பார்க்கும் ஊசிகளை முதல் மாதம் சாதாரணக் குப்பைப் பையில்தான் போட்டார்கள். துளைபடாத பெட்டி நாங்கள் கேட்ட பிறகே வந்தது. குப்பை எடுப்பவரின் கையில் குத்தியிருந்தால் யார் பொறுப்பு? பராமரிப்பாளருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, அவசர நேரத்தில் முதலில் யாரை அழைப்பது என்பவையும் ஒப்பந்தத்தில் இல்லை. இவற்றைச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. சேவையைத் தொடர்கிறோம், புதிதாக இதில் சேருகிறவர்கள் கையெழுத்திடும் முன்பே இந்த இரண்டையும், விடுப்பு நாளில் யார் வருவார், அவருக்கு யார் விவரம் சொல்வார் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.