பூட்டியாவா, சேத்ரியா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கால்பந்தில் முன்வரிசையில் ஆடும் பையன்களுக்கு சுனில் சேத்ரிதான் எல்லாம். ஜெர்ஸி முதுகில் பாதி உரிந்த 11, அவருடைய எண், அதைச் சொல்லும். கோல் கணக்கில் நியாயம்தான், இந்தியாவுக்காக 90-க்கு மேல் அடித்தவர். வெளிநாட்டு கிளப் ஆட்டம் என்று வந்தால் என் ஓட்டு, ஓய்வு பெற்ற இந்திய முன்கள வீரர் பைச்சுங் பூட்டியாவுக்கே. 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். அந்நாட்டு லீக்கில் அப்போது மூன்றாம் அடுக்கு அணிதான். முரட்டுத் தடுப்பாட்டம், முழங்கால் காயம், அதற்கு நடுவிலும் 30-க்கு மேற்பட்ட லீக் ஆட்டங்கள். கோல்கள் சொற்பம், இருக்கட்டுமே, இடம் பிடித்தாரே! சேத்ரி போனதோ பெரிய பெயர்களிடம்: 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணி, அதாவது இரண்டாம் அணி. ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததே அதிகம். அவர் ஒரே கிளப்பில் வேரூன்றியது 2013இல் பெங்களூருவுக்கு வந்த பிறகுதான்.