ஏழு வருட ரௌட்டரை மாற்றலாமா?

ஏழு வருடமாக வீட்டில் ஒரே ரௌட்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் ஏசி1200 என்று போட்டிருந்தது. அந்த 1200ஐ நம்பித்தான் வாங்கினேன் என்று சொல்ல இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு (அலைவரிசைக்கு) 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் இழுத்துவிட்டால் 1200. ஆனால் என் போனோ லேப்டாப்போ ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பேண்டில்தான் இணைகிறது. அந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைப்பதில்லை. 867கூட காகிதக் கணக்குதான். பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தால் அதில் பாதி வந்தாலே நல்ல நாள்.

முதல் ஐந்து வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு ஏற்றினேன். வேகம் 94ஐத் தாண்டவே இல்லை. ரௌட்டர் பழசாகிவிட்டது, வேறென்ன என்று புதிய மாடல்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் சும்மா லேப்டாப்பை லேன் கேபிளில் சொருகிச் சோதித்தேன். அப்போதும் அதே 94. சரி, இது வைஃபை கோளாறு இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் போய்ப் பார்த்தால், மோடத்திலிருந்து கேபிள் வரும் வேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருப்பதாகக் காட்டியது. அது கிகாபிட் போர்ட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும். அப்படியென்றால் கேபிள்! கழற்றிப் பார்த்தேன்: எட்டு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தது. நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிளை மாற்றிய அன்றே 200 வந்தது. இரண்டு மாதம் ரௌட்டரைத் திட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏசி1200 என்று எழுதிய பெட்டிகளிலேயே வெறும் 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்தவையும் உண்டு. உங்களிடம் இருப்பது அந்த ரகம் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது, இரவு நேரத்தில் தானாக அணைந்து எழும் பழக்கம். "அப்பா, நெட் போச்சு" என்ற குரல் வந்தால் மணி ஒன்பதரை என்று அர்த்தம். அது அடாப்டர் கோளாறு. அதே 12 வோல்ட்டில், ஆம்பியர் குறையாத வேறு அடாப்டர் மாட்டினேன், நின்றுவிட்டது.

பின் அறையில் வீடியோ அழைப்பு உடைவதுதான் நெடுநாள் தலைவலி. ரௌட்டர் டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாகக் கிடந்தது. அதை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும் என்பதால் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பின் அறைக் கருவிகளை 2.4க்கு மாற்றினேன். அதன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களில் அக்கம்பக்கத்து நெரிசல் குறைவாக இருந்த 11ஐப் பிடித்தேன். அழைப்பு இப்போது உடைவதில்லை. ஆனால் வேகம் 40 வந்தால் அதிகம். காரணம் உண்டு. பெட்டியில் இருந்த ஏசி என்பது வைஃபையின் ஐந்தாம் தலைமுறையான வைஃபை 5ஐக் குறிக்கும், அது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான தரம். என் ரௌட்டரின் 2.4 பேண்ட் உண்மையில் 2009இல் வந்த வைஃபை 4தான்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் போகிறேன். வேகத்துக்காக அல்ல. ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது. 2017இல், வைஃபையைப் பூட்டிவைக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் கிராக் (KRACK) என்ற ஓட்டை வெளியானபோது, அப்டேட் கொடுத்துத்தான் கருவிகளில் அதை அடைத்தார்கள். நாளைக்கு இன்னொன்று வந்தால் என் பெட்டிக்கு யார் அடைப்பது? அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3யும் இதில் கிடையாது.

வாங்கப்போவது வைஃபை 6. அது 2.4 பேண்டையும் சேர்த்தே மேம்படுத்துகிறது, பின் அறைக்கு அதுதான் வேண்டும். 2024இல் சான்றிதழ் தரத் தொடங்கிய வைஃபை 7 மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பேசத் தெரிந்த கருவி ஒன்றுகூட இல்லை. இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் வைஃபை 6, டிவி வைஃபை 5, கேமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இந்த முறை பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்கப்போவதில்லை. எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள், எல்லா போர்ட்டும் கிகாபிட்டா என்பதுதான் கேள்வி.

அதுவரை பழையதில், பட்டனாலோ பின் எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் வெளியிலிருந்து நுழையும் ரிமோட் வசதியையும் அணைத்து வைத்திருக்கிறேன்.